இலண்டனும் சிட்னியும்: தூரமும் காலமும்

ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் எவ்வளவு தூரம், அத்தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் செல்லும் என்னும் இரு வினாக்களும் மனிதன் வழிநடக்கத் தொடங்கிய நாள் முதலாக எழுந்தவை. கீழ்வகுப்பு மாணவனும் இவற்றுக்கு விடை கூறுவான். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்பது அவன் கற்ற கணக்கு. அக்கணக்குப் பிழையன்று. ஆயினும், உலகின் இரு கோடிகளில் உள்ள இரு நகரங்களை எடுத்து அதனைச் செய்யப் புகுவோமாயின், தூரம் என்பது எவ்வழியால் அளந்த தூரம், வேகம் என்பது எதனைச் சார்ந்த வேகம், நேரம் என்பது எந்தக் கடிகாரத்தின் நேரம் என்னும் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனையும், அவுஸ்திரேலியாவின் பெருநகராகிய சிட்னியையும் எடுத்துக்கொண்டு இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விரு நகரங்களையும் தேர்ந்தமைக்குக் காரணம் அவற்றிடையே உள்ள பெருந்தூரம் மாத்திரமன்று. அத்தூரத்தின் வரலாற்றில் நமது ஈழநாட்டுக்கும் ஓர் இடம் உண்டு என்பதும் ஒரு காரணமாகும்.

தூரம் யாது?

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தை நோக்குக. கப்பலோட்டிகளின் தேவைக்காக மெர்க்கேற்றர் என்பவர் 1569ஆம் ஆண்டில் வகுத்த முறையில் வரையப்பட்ட படமாயின், அதில் இலண்டனையும் சிட்னியையும் ஓர் அடிமட்டத்தால் இணைத்துப் பாருங்கள். அக்கோடு ஐரோப்பாவைக் கடந்து, பாரசீக வளைகுடாவையும் அரபிக் கடலையும் தாண்டி, தென்னிந்தியாவைத் தொட்டு, ஏறத்தாழ நமது வன்னி நிலப்பரப்பின் மேலாகச் சென்று, இந்து சமுத்திரத்தின் வழியே சிட்னியை அடையும். இதுவே நேர்வழி என்று கண்ணுக்குத் தோன்றும். ஆனால், இக்கோட்டின் வழியே உண்மையில் ஒருவன் செல்வானாயின் அவன் கடக்கும் தூரம் ஏறத்தாழ 17,670 கிலோமீற்றர் ஆகும்.

இனி, படத்தை விடுத்துப் பூகோள உருண்டையை எடுத்து, ஒரு நூலின் ஒரு நுனியை இலண்டனிலும் மறு நுனியைச் சிட்னியிலும் வைத்து இறுக இழுத்துப் பிடியுங்கள். நூல் நமது நாட்டின் பக்கமே வாராது. அது இலண்டனிலிருந்து வடகிழக்காகப் புறப்பட்டு, பால்டிக் கடற் பிரதேசத்தையும் உருசியாவையும் கடந்து, கசக்கஸ்தானத்தின் வடபகுதியைத் தொட்டு, சீனாவின் நடுவே இறங்கி, பிலிப்பைன் தீவுகளையும் மொலுக்காத் தீவுகளையும் ஒட்டிச் சென்று சிட்னியைச் சேரும். அவ்வழியின் நீளம் ஏறத்தாழ 17,000 கிலோமீற்றர். உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழி, அப்புள்ளிகளினூடாகவும் பூமியின் மையத்தினூடாகவும் செல்லும் தளம் பூமியை வெட்டும் வட்டத்தின் ஒரு பகுதியாகும். இதனைப் பெருவட்டம் என்பர். தட்டையான படத்தில் நேராகத் தோன்றுவது உருண்டையில் வளைவு; உருண்டையில் நேரானது படத்தில் வளைவு. கண்ணுக்கு நேர்வழியாகத் தோன்றிய கோடு உண்மையில் 670 கிலோமீற்றர் அளவுக்குச் சுற்றுவழியாயிற்று. எனவே, இரு நகரங்களுக்கிடையே உள்ள தூரம் எவ்வளவு என்று வினாவுமிடத்து, எவ்வழியால் என்பதையும் சேர்த்தே வினாவுதல் வேண்டும்.

நடுவழியில் ஈழம்

பூமியின் மேற்பரப்பில் ஓரிடத்திலிருந்து ஒருவன் செல்லக்கூடிய மிகக் கூடிய தூரம் ஏறத்தாழ 20,000 கிலோமீற்றரே. அதற்குமேற் செல்வானாயின் அவன் திரும்பி வரத் தொடங்கியவனாவான். இலண்டனுக்கு நேர் எதிரான புள்ளி நியூசிலாந்துக்குத் தென்கிழக்கே சமுத்திரத்தில் உள்ளது. சிட்னி அப்புள்ளிக்கு மிகவும் அணித்தாக இல்லாவிடினும், உலகின் மறுபக்கத்தது என்று கூறத்தக்க அளவுக்கு அண்மையிலேயே இருக்கின்றது.

இதனால் விளையும் பயன் ஒன்று கருதத்தக்கது. தோடம்பழத்தின் காம்பிலிருந்து அடிவரை செல்லும் சுளைக்கோடுகளை நோக்குக. அவை பல திசைகளிற் சென்றாலும் நீளத்தில் ஒத்தவை. அதுபோலவே, பூமியில் நேர் எதிரான இரு புள்ளிகளை இணைக்கும் பெருவட்ட வழிகள் யாவும் நீளத்தில் ஒன்றேயாம். இலண்டனும் சிட்னியும் ஏறக்குறைய இந்நிலையில் உள்ளமையால், நேர்வழியினின்று நெடுந்தூரம் விலகிச் சென்றாலும் மொத்தத் தூரம் சிறிதளவே கூடுகின்றது. இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 10,880 கிலோமீற்றர். சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு ஏறத்தாழ 6,300 கிலோமீற்றர். இரண்டுஞ் சேர்ந்து 17,180 ஆகும். நேர்வழி சீனாவின் நடுவே செல்ல, சிங்கப்பூரோ மத்தியகோட்டுக்கு அருகில் இருக்கின்றது. எனினும் அதன் வழியாகச் செல்வதால் உண்டாகும் மேலதிகத் தூரம் நூற்றுக்கு ஒரு பங்கு மாத்திரமே.

நமது கொழும்பை எடுத்துக்கொண்டால் இன்னும் வியப்பானதோர் உண்மை புலப்படும். இலண்டனிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர்; கொழும்பிலிருந்து சிட்னி ஏறத்தாழ 8,740 கிலோமீற்றர். இரு நகரங்களிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இத்தீவு அமைந்துள்ளது. சூரியனின் கணக்கும் இதற்கு ஒத்தே வருகின்றது. இலண்டன் சுழியப் பாகை நெடுங்கோட்டை அடுத்தது. சிட்னி 151 பாகையில் உள்ளது. நாம் 80 பாகையில் இருக்கின்றோம். இலண்டனுக்கும் சிட்னிக்கும் நாம் நடுவழியினர் என்று கூறுதல் புகழ்ச்சியன்று. பூகோளக் கணக்கே ஆகும்.

கடல்வழிக் காலம்

1787ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி ஆதர் பிலிப் என்னும் தலைவரின் கீழ்ப் பதினொரு கப்பல்கள் இங்கிலாந்தின் போட்ஸ்மத் துறையினின்று புறப்பட்டன. அவை தெனெரீப், இரியோ டி ஜெனீரோ, நன்னம்பிக்கை முனை ஆகிய இடங்களிற் தங்கிச் சென்று, 1788ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவுஸ்திரேலியாவின் பொட்டனிக் குடாவை அடைந்தன. அப்பயணத்துக்குச் சென்ற காலம் எட்டு மாதத்துக்கு மேல். அவற்றில் ஏற்றப்பட்டோரிற் பலர் குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு இத்தூரமே தண்டனையாயிற்று. திரும்பி வருதல் பெரும்பாலார்க்கு இயலாததொன்று என்பதை அறிந்தே ஆட்சியாளர் அவ்விடத்தைத் தேர்ந்தனர்.

1869ஆம் ஆண்டிற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றாது நேரே இந்து சமுத்திரத்துட் புகுந்தன. அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் கப்பல்கள் நிலக்கரிக்கும் நீருக்குமாகக் கொழும்புத் துறைமுகத்தில் தங்கின. எட்டு மாதமாயிருந்த பயணம் ஐந்தாறு வாரமாகச் சுருங்கியது. கப்பல் வேகமாக ஓடியமையும், வழி குறுகியமையும் ஆகிய இரண்டுஞ் சேர்ந்தே இம்மாற்றத்தை விளைத்தன. நமது நாட்டின் நடுவிடம் அக்காலத்திற் பயன் தந்தது.

வானிற் பறந்த முதற்பயணங்கள்

முதலாம் உலகப் போர் முடிந்தபின், இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள் விமானத்திற் பறந்து வரும் அவுஸ்திரேலியருக்கு 10,000 பவுண் பரிசளிப்பதாக அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. ரொஸ் சிமித், கீத் சிமித் என்னும் சகோதரர் இருவரும், பெனற், ஷையேர்ஸ் என்னும் பொறித்திறனாளர் இருவரும் விக்கேர்ஸ் விமி என்னும் இரட்டைச் சிறகடுக்கு விமானத்தில் 1919ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி இலண்டனை அடுத்த கவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டு, டிசெம்பர் 10ஆம் தேதி அவுஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரில் இறங்கினர். சென்ற காலம் 28 நாட்கள். ஆயினும், அவர்கள் உண்மையில் வானிற் பறந்த நேரம் ஏறத்தாழ 135 மணித்தியாலமே. அஃதாவது, மொத்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கே பறப்பிற் சென்றது. எஞ்சிய நான்கு பங்கும் உறக்கத்துக்கும், எண்ணெய் நிரப்புதற்கும், இயந்திரத்தைச் செப்பனிடுதற்கும், மழையாற் சேறாகிய தரையினின்று விமானத்தை மீட்பதற்குமே சென்றன. பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு என்னும் உண்மையை இதனினும் தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டு வேறில்லை.

1935ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கும் இடையே பயணிகளுக்கான ஒழுங்கான விமானச் சேவை தொடங்கியது. அதற்குச் சென்ற காலம் பன்னிரண்டரை நாட்கள். அவ்வழியில் ஐரோப்பாவின் ஒரு பகுதியைப் பயணிகள் புகையிரதத்திலேயே கடந்தனர். இரவில் விமானம் பறவாது. பயணிகள் தங்குமிடங்களில் உறங்கினர். 1938ஆம் ஆண்டிற் பறக்கும் படகுகள் என வழங்கிய நீர்விமானங்கள் சிட்னித் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டு ஏறத்தாழ 10 நாட்களில் இங்கிலாந்தை அடைந்தன.

கொக்கலையும் இரட்டைச் சூரியோதயமும்

1942ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15ஆம் தேதி சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. அதனோடு இலண்டன்–சிட்னி வான்வழி அறுந்தது. தூரம் ஒரு முழந்தானும் கூடவில்லை. விமானத்தின் வேகம் குறையவில்லை. ஆயினும் வழி இல்லாமற் போயிற்று. அறுந்த வழியை மீள இணைப்பதற்கு இந்து சமுத்திரத்தை ஒரே பறப்பிற் கடப்பதைத் தவிர வேறு உபாயம் காணப்படவில்லை.

அதற்கென அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரும், நமது நாட்டின் தென்கரையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவியும் தேர்ந்தெடுக்கப்பட்டன. இவற்றுக்கிடையே உள்ள தூரம் 3,513 மைல், அஃதாவது 5,653 கிலோமீற்றர். 1943ஆம் ஆண்டு யூலை மாதத்தில் குவான்டாஸ் நிறுவனத்தின் கற்றலினா என்னும் நீர்விமானங்கள் இவ்வழியில் ஓடத் தொடங்கின. அவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றரே. எரிபொருளை மிகுதியாக ஏற்றவேண்டியிருந்தமையால், இன்றியமையாதன அல்லாத பொருள்கள் யாவும் கழற்றப்பட்டன. ஒரு பறப்பில் மூன்று பயணிகளும் 69 கிலோகிராம் தபாலுமே இடம்பெற்றன. பகைவர் அறியாவண்ணம் வானொலி பெரும்பாலும் மௌனமாக இருந்தது. நடுச் சமுத்திரத்தில் வழிகாட்டியவை நட்சத்திரங்களே.

இப்பறப்புக்கள் 27 முதல் 33 மணித்தியாலம் வரை நீடித்தன. காற்று எதிர்த்த ஒரு பறப்பு 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் வானில் இருந்தது. வழக்கமான பயணிகள் சேவையில் இதனினும் நீண்ட நேரம் தங்காது பறந்த விமானம் பிறிதில்லை. ஒரு நாளுக்கு மேற் பறந்தமையால், பயணிகள் ஒரே பயணத்திற் சூரியன் இருமுறை உதிப்பதைக் கண்டனர். இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கத்தின் உறுப்பினர் என்று அவர்களுக்குச் சான்றுப் பத்திரமும் வழங்கப்பட்டது. 1945ஆம் ஆண்டு யூலை வரை 271 தடவை இச்சமுத்திரம் இவ்வாறு கடக்கப்பட்டது. ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை. போர்க்காலத்தில் உலகின் இரு கோடிகளையும் இணைத்த முடிச்சு, மீனவர் வலைவீசிய ஓர் அமைதியான வாவியிலே கிடந்தது என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

நான்கு நாட்களிலிருந்து இருபது மணித்தியாலம்

போர் முடிந்தபின் 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 1ஆம் தேதி, லொக்ஹீட் கொன்ஸ்ரலேசன் விமானமொன்று 29 பயணிகளோடும் 11 பணியாளரோடும் சிட்னியினின்று இலண்டனை நோக்கிப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்னும் ஆறு இடங்களில் அது தங்கிச் சென்றது. மொத்தப் பயணம் நான்கு நாட்கள். கங்காரு பாய்ந்து பாய்ந்து செல்வதுபோல ஊர் ஊராகத் தாவிச் சென்றமையால் அதனைக் கங்காரு வழி என அழைத்தனர். பின்னர்த் தாரை விமானங்கள் வந்து இக்காலத்தை மேலும் குறைத்தன. வேகம் கூடியதனால் மாத்திரம் இது நிகழவில்லை. ஓரேற்றத்திற் பறக்கக்கூடிய தூரம் கூடக் கூடத் தங்குமிடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீங்கின.

1989ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் போயிங் 747-400 விமானமொன்று இலண்டனிலிருந்து எங்கும் தங்காது சிட்னியை 20 மணித்தியாலம் 9 நிமிடத்தில் அடைந்தது. ஆனால், அதிற் கட்டணம் செலுத்திய பயணிகள் எவரும் இலர். செறிவு மிக்க விசேட எரிபொருள் நிரப்பப்பட்டது. தரையில் ஓடுவதால் எரிபொருள் வீணாகாதிருக்க, அவ்விமானம் ஓடுபாதை வரை இழுத்துச் செல்லப்பட்டது. பறக்க முடியும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. பயணிகளை ஏற்றிப் பறத்தல் இயலுமா என்பது வேறு வினா.

எரிபொருளின் சுமை

நீண்ட வழி நடப்பவன் கட்டுச்சோறு கொண்டு செல்வான். வழி நீள நீளச் சோற்று மூட்டை பெருக்கும். மூட்டை பெருத்தால் அதனைச் சுமப்பதற்கு வலிமை வேண்டும். அவ்வலிமைக்கு இன்னும் சோறு வேண்டும். விமானத்தின் நிலையும் இதுவே. பயணத்தின் முதற் பகுதியில் எரியும் எண்ணெயின் ஒரு பங்கு, இறுதிப் பகுதியில் எரியவுள்ள எண்ணெயைச் சுமப்பதற்கே செலவாகின்றது. போயிங் 787-9 விமானம் புறப்படுகையில் அதன் மொத்த நிறை மிகக் கூடியது 254 தொன். அதன் தாங்கிகள் கொள்ளும் எரிபொருளோ ஏறத்தாழ 100 தொன். நிறையில் ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெயாயின், பயணிகளுக்கும் பொதிகளுக்கும் எஞ்சும் இடம் சிறிதே. ஆதலின், இடையில் ஓரிடத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிச் செல்வது நேரத்தை நீட்டினும் சுமையைக் குறைக்கும். நேரத்தைச் சேமிப்போன் எண்ணெயைச் செலவிடுகின்றான் என்பதே இதன் சாரம்.

காற்றின் கணக்கு

ஒரே வழியில் ஒரே விமானம் சென்றாலும் போகும் நேரமும் வரும் நேரமும் ஒத்திருப்பதில்லை. அதற்குக் காரணம் காற்று. நிலத்துக்கு மேல் 10 கிலோமீற்றர் அளவான உயரத்தில், இடை அகலக்கோடுகளில், மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று ஆறுபோல ஓடுகின்றது. மாரிகாலத்தில் இதன் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரையும் மிஞ்சுவதுண்டு. ஆற்றோட்டத்தோடு செல்லும் வள்ளம் விரைவதுபோலக் கிழக்கு நோக்கிய விமானம் விரையும். மேற்கு நோக்கியது தாழ்க்கும்.

மாணவர்க்கு விளங்குமாறு ஒரு கணக்கைப் பார்ப்போம். தூரம் 17,000 கிலோமீற்றர் எனவும், காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீற்றர் எனவும் கொள்க. காற்று அசையாதிருப்பின் ஒரு வழிக்கு 18 மணித்தியாலம் 53 நிமிடம் செல்லும். வழி முழுவதும் 100 கிலோமீற்றர் வேகத்திற் காற்று துணை நின்றால், 17 மணித்தியாலம் போதும். அதே காற்று எதிர்த்து நின்றால், 21 மணித்தியாலம் 15 நிமிடம் வேண்டும். போகையிற் பெற்றதை வருகையில் இழந்துவிடுவோம், கணக்குச் சரியாகிவிடும் என்று எண்ணற்க. காற்றில்லாது போய்வர 37 மணித்தியாலம் 47 நிமிடம். காற்றோடு போய் எதிர்க்காற்றில் வர 38 மணித்தியாலம் 15 நிமிடம். அரை மணித்தியாலம் அளவில் நட்டமே. துணைக்காற்றில் நாம் இருக்கும் நேரம் குறைவு, எதிர்க்காற்றில் இருக்கும் நேரம் மிகுதி, அதனாலேயே இந்நட்டம். கொடுத்த வேகத்தை எடுத்துக்கொள்ளும்போது காற்று வட்டியும் சேர்த்தே எடுக்கின்றது.

கடிகாரத்தின் கணக்கு

பூமி 360 பாகையை 24 மணித்தியாலத்திற் சுழல்வதால், ஒவ்வொரு 15 பாகைக்கும் ஒரு மணித்தியால வேறுபாடு உண்டு. இலண்டனுக்குச் சிட்னி முற்பட்டது. கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளும் வழக்கம் இரு நாட்டிலும் உண்டு. இங்கே கோடையாயின் அங்கே மாரியாதலின், இவ்வேறுபாடு ஆண்டின் காலத்துக்கேற்ப 9, 10, 11 மணித்தியாலம் என மாறுகின்றது. இதனை அறியாது கால அட்டவணையைப் படிப்போர் பெரிதும் மயங்குவர்.

2019ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி காலையில் இலண்டனிலிருந்து புறப்பட்ட போயிங் 787-9 விமானமொன்று, 19 மணித்தியாலம் 19 நிமிடம் தங்காது பறந்து, மறுநாள் நண்பகலிற் சிட்னியில் இறங்கியது. கடிகாரங்களை மாத்திரம் நோக்குவோர்க்கு இடையிற் சென்றது 30 மணித்தியாலம். கிழக்கு நோக்கிச் செல்வோன் சூரியனை எதிர்கொண்டு செல்கின்றான். அவனுக்குப் பகலும் இரவும் குறுகுகின்றன. மேற்கு நோக்கிச் செல்வோனைச் சூரியன் பின்தொடர்கின்றது. அவனுடைய பகலும் இரவும் நீள்கின்றன. கைக்கடிகாரத்தின் முள்ளை ஒரு நொடியில் திருப்பிவிடலாம். உடலினுள்ளே பசியையும் உறக்கத்தையும் ஆளும் கடிகாரம் அவ்வாறு திரும்புவதில்லை. அது இணங்குதற்குப் பல நாட்கள் வேண்டும். மேற்கூறிய 2019ஆம் ஆண்டுப் பயணமே இதனை ஆராய்தற்பொருட்டு நடத்தப்பட்டது. அதில் ஏறத்தாழ 50 பேரே சென்றனர். அவர்களுடைய உணவும் ஒளியும் உறக்கமும் கவனிக்கப்பட்டன. விமானிகளின் மூளை அலைகள் அளக்கப்பட்டன. எந்திரத்தின் எல்லையைத் தாண்டியபின் மனித உடலின் எல்லை எதிர்ப்படுகின்றது.

மூடிய வானம்

காற்றையும் எரிபொருளையும் வென்றாலும் நாடுகளின் எல்லைகளை விமானம் வெல்லமுடியாது. ஒவ்வொரு நாட்டின் நிலத்துக்கு மேலுள்ள வானமும் அந்நாட்டின் ஆட்சிக்கே உட்பட்டது. இலண்டனிலிருந்து சிட்னிக்கு நூல் காட்டிய குறுகிய வழி உருசியாவின் மேலாகச் செல்வதை முன்னர்க் கண்டோம். 2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் உக்கிரேன் போர் மூண்டபோது அவ்வானம் பிரித்தானிய விமானங்களுக்கு மூடப்பட்டது.

இன்னுமோர் எடுத்துக்காட்டு நோக்கத்தக்கது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பேர்த் நகரிலிருந்து இலண்டனுக்குத் தங்காத பயணிகள் சேவை தொடங்கியது. 14,498 கிலோமீற்றர் தூரத்தை அது ஏறத்தாழ பதினேழரை மணித்தியாலத்திற் கடந்தது. 2024ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் மத்திய கிழக்கில் பகைமை முற்றி, ஈரானின் வானத்தைத் தவிர்க்க நேர்ந்தபோது வழி நீண்டது. நீண்ட வழிக்கு வேண்டிய எண்ணெயைச் சுமக்க இயலாமையால், பேர்த்திலிருந்து இலண்டன் செல்லும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்பிச் சென்றது. ஆனால், இலண்டனிலிருந்து பேர்த்துக்குக் கிழக்கு நோக்கி வரும் விமானத்துக்குக் காற்றுத் துணை நின்றமையால் அது தங்காதே வந்தது. வழி, எண்ணெய், காற்று, அரசியல் என நாம் தனித்தனியே ஆராய்ந்த காரணங்கள் யாவும் இவ்வொரு நிகழ்ச்சியில் ஒருங்கே தொழிற்படுதலைக் காண்க.

முடிவுரை

எட்டு மாதமாயிருந்த தூரம் ஐந்தாறு வாரமாகி, 28 நாளாகி, நான்கு நாளாகி, ஒரு நாளுக்கும் குறைந்துவிட்டது. ஒரே பறப்பில் இலண்டனையும் சிட்னியையும் இணைப்பதற்கென எயார்பஸ் ஏ350-1000 இன விமானங்கள் பன்னிரண்டை வாங்க 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் குவான்டாஸ் நிறுவனம் உடன்பட்டது. அவற்றில் 20,000 இலீற்றர் கொள்ளும் மேலதிகத் தாங்கி அமைவதென்றும், சுமையைக் குறைக்கும்பொருட்டு ஆசனங்கள் 238 ஆக மட்டுப்படுத்தப்படுமென்றும் அறிவிக்கப்பட்டது. அம்முயற்சிக்கு அந்நிறுவனம் சூட்டிய பெயர் சூரியோதயத் திட்டம் என்பதாகும். அது கொக்கலைக்குப் பறந்த பழைய நீர்விமானங்களின் நினைவாக எழுந்த பெயர்.

பெயர் நிலைத்தது, இடம் மறந்தது. இதனையே இக்கட்டுரையின் இறுதியிற் சிந்திக்க வேண்டுகின்றோம். பூமியின் அளவு மாறவில்லை. இலண்டன் இருந்த இடத்திலும் சிட்னி இருந்த இடத்திலும் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று நெருங்கின என்கின்றோம். அந்நெருக்கம் இடையிலுள்ள ஊர்கள் நீங்கியதனாலேயே பெரிதும் உண்டானது. கப்பல் நிலக்கரி கேட்ட காலத்திற் கொழும்பு வேண்டப்பட்டது. சிங்கப்பூர் வீழ்ந்த காலத்திற் கொக்கலை வேண்டப்பட்டது. தாங்கி பெருத்த காலத்தில் இரண்டும் வேண்டப்படவில்லை. இயற்கை தந்த நடுவிடம் தானாகவே பயன் தராது என்பதும், அதனைப் பயன்கொள்ளும் அறிவும் முயற்சியும் காலந்தோறும் புதுக்கப்படல் வேண்டும் என்பதும் இதனால் நாம் கற்கும் பாடமாகும். சிங்கப்பூரும் நம்மைப்போல் இடைவழி ஊரே. அது வேண்டப்படுதல் இன்னும் ஒழியவில்லை.

இளைஞர் பலர் கல்விக்கும் தொழிலுக்குமாக இவ்விரு நகரங்களில் ஒன்றை நோக்கி நம் நாட்டினின்று செல்கின்றனர். ஒருவன் மேற்கே 8,700 கிலோமீற்றரும், அவன் தம்பி கிழக்கே 8,740 கிலோமீற்றரும் சென்று வாழும் இல்லங்கள் நம்மிடையே பலவுள. அவ்வில்லத்தில் நண்பகலாகும்போது இலண்டனில் விடியற்காலம், சிட்னியில் மாலைக்காலம். இருவரும் ஒருவரையொருவர் காணப் பறக்கும் நேரத்தினும், வீட்டிலிருக்கும் தாயைக் காண இருவரும் பறக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியே. அடுத்த முறை பூகோள வகுப்புக்குச் செல்லும் மாணவன் ஒரு நூலை எடுத்துச் சென்று உருண்டையின் மேல் வைத்து இதனைத் தானே அளந்து பார்ப்பானாக.